அருங்காட்சியகத்தில் காலனியம் எங்கே இருக்கிறது? பூர்வகுடிக் கலையைக் காட்சிக்கு வைப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

2015 ஏப்ரல் 9 அன்று கேப்டவுன் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த, பிரிட்டிஷ் காலனிய ஆட்சியாளர் செசில் ரோட்ஸின் வெண்கலச் சிலையைக் கிரேன் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு தென்னாப்பிரிக்காவில் காலனிய நீக்கம், அதாவது காலனி ஆட்சி விட்டுப்போன முறைகளைக் களைவது, என்ற பேச்சு எல்லார் வாயிலும் புகுந்துவிட்டது. டர்பனில் கோயில் பந்தியில் உட்கார்ந்தால்கூடக் காதில் விழும். அருங்காட்சியகங்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் இரண்டு கட்சி பிரியும். ஒரு கட்சிக்கு அது வெள்ளைக்காரர் படங்களையெல்லாம் கழற்றிப் போடுகிற வேலை. இன்னொரு கட்சிக்கு, அதே சுவரில் நாலு சூலுக் கூடையையும் ஒரு நிடெபெலே ஓவியத்தையும் சேர்த்து மாட்டிவிட்டால் காரியம் முடிந்தது. முதல் பேச்சைக் கேட்டுச் சிலர் பயப்படுகிறார்கள், இரண்டாவதைக் கேட்டு நிம்மதி அடைகிறார்கள். இரண்டுமே விஷயத்தின் பக்கத்தில்கூட வரவில்லை.

ஓர் அருங்காட்சியகம் அன்றாடம் சில முடிவுகளை எடுக்கிறது. ஒரு பொருளை எந்த அறையில் வைப்பது, அதற்குக் கீழே என்ன எழுதுவது, யார் பெயரைப் போடுவது, இதையெல்லாம் யார் தீர்மானிப்பது. காலனியம் உட்கார்ந்திருப்பது அங்கேதான். அந்த முடிவுகளை எடுக்கிற முறை மாறாவிட்டால் சுவரில் எதை மாட்டினாலும் பழைய கதைதான் தொடரும். அந்த முறை எப்படி வேலை செய்கிறது, அதை மாற்ற இந்த நாட்டில் என்னென்ன நடந்திருக்கிறது என்று அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். கலை பற்றி முன்னறிவு எதுவும் தேவையில்லை.

ஒரு குத்துவிளக்கு கண்ணாடிப் பெட்டிக்குள் போனால்

உங்கள் பாட்டியின் பாட்டி மதராஸிலிருந்து கப்பலேறும்போது ஒரு பித்தளைக் குத்துவிளக்கைக் கொண்டுவந்தார் என்று வையுங்கள். கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் அது எரிந்தது. ஒரு கஷ்ட காலத்தில் தோட்டத்துத் துரை அதைச் சொற்ப விலைக்கு வாங்கிக்கொண்டார். அவருடைய பேரன் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இன்று அதன் கீழே ஒரு சிறு அட்டை இருக்கிறது: "விளக்கு. பித்தளை. தென்னிந்தியக் கூலிகள். 19ஆம் நூற்றாண்டு. நன்கொடை: இன்ன துரை குடும்பத்தார்."

அந்த அட்டையில் ஒரு பொய்கூட இல்லை. ஆனால் அது என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். விளக்கை ஏற்றியவளின் பெயர் இல்லை. கொடுத்தவர் பெயர் இருக்கிறது. அவளோ "கூலிகள்" என்ற கூட்டத்துக்குள் கரைந்துபோனாள். எண்ணெயும் திரியும் வெள்ளிக்கிழமையும் போய்விட்டன, பித்தளை மட்டும் மிச்சம். "19ஆம் நூற்றாண்டு" என்று எழுதியதால் அந்த விளக்கின் வாழ்வு அப்போதே முடிந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. நேற்றுக்கூட, டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வர்த்தில் ஆயிரம் வீடுகளில் அதே விளக்கு எரிந்ததே, அது அட்டைக்குத் தெரியாது. கார்த்திகைக்கு ஒரு நாள் ஏற்றிக்கொள்ளலாமா என்று நீங்கள் போய்க் கேட்டால், பொருளுக்குச் சேதம் வரும், முடியாது என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, விதி அப்படி.

இந்த ஏற்பாட்டைத்தான் காலனியச் சட்டகம் என்கிறார்கள். ஆண்டவர்கள், ஆளப்பட்டவர்களின் பொருள்களைத் தங்கள் கேள்விகளுக்கு ஏற்ப வகைபிரித்துப் பெயரிட்டு இடம் ஒதுக்கிய முறை அது. ஆட்சி போனது, பதிவேடும் பெட்டியும் அட்டையும் அப்படியே இருந்தன. அதனால் அந்த முறை தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு அதை இயக்க வேண்டியதில்லை.

இன்னொரு சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். க்யூரேட்டர் என்பவர் எதைக் காட்சிக்கு வைப்பது, எதன் பக்கத்தில் எதை வைப்பது, என்ன சொற்களில் விளக்குவது என்று தீர்மானிப்பவர். முன்பெல்லாம் இவர் சேகரிப்பைக் காப்பவராகவே அறியப்பட்டார். இன்று அவர் ஒரு கண்காட்சியின் கதையைக் கட்டுபவராகவும் இருக்கிறார். சட்டகத்தின் சாவி அவர் கையில்.

எந்த அறை?

டர்பன் சிட்டி ஹாலுக்குள் போயிருப்பீர்கள். அதே கட்டடத்தில் ஒரு மாடியில் இயற்கை அறிவியல் அருங்காட்சியகம், அதற்கு மேல் மாடியில் கலைக்கூடம். கீழே பாடம் செய்த விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் டோடோ எலும்புக்கூட்டுக்கும் நடுவே, பெத்தென் அமூன் என்ற எகிப்தியரின் பதப்படுத்தப்பட்ட உடல் காட்சியில் இருந்து வந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதை ஆவலோடு பார்த்திருக்கிறார்கள். ஒரு மனிதனின் உடல் ஏன் விலங்குகளின் வீட்டில் இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. அறை அந்தக் கேள்வியை எழவிடாமல் செய்துவிடுகிறது.

இதன் மிகக் கொடிய வடிவம் கேப்டவுனில் நடந்தது. இன்று இசிகோ என்ற அருங்காட்சியகக் குடையமைப்பின் கீழ் இயங்கும் தென்னாப்பிரிக்க அருங்காட்சியகம் 1825இல் தொடங்கப்பட்டது. அதன் இயக்குநராக இருந்த லூயி பெரிங்கே, இந்த மண்ணின் ஆதி வேட்டைக்குடிகளான சான் மக்கள் அழிந்துகொண்டிருக்கும் ஓர் "இனவகை" என்று நம்பினார். அவர்கள் மறைவதற்கு முன் உடலை அச்செடுத்து வைத்துவிட வேண்டும் என்று நினைத்தார். 1907 முதல் 1924 வரை ஜேம்ஸ் ட்ரூரி என்ற பணியாளர், உயிரோடிருந்த ஆண்கள் பெண்களின் உடல்மேல் பிளாஸ்டர் பூசி அச்சுகளை எடுத்தார். ஆடை களைந்து, ஈரச் சாந்து காயும்வரை அசையாமல் நிற்க வேண்டும். அந்த அச்சுகளிலிருந்து வார்த்த உருவங்களை வைத்து, 1960 வாக்கில் ஒரு டயோராமா அமைத்தார்கள். பின்னணிப் படமும் செட்டும் போட்டு ஒரு காட்சியை உயிரோடிருப்பதுபோல் காட்டும் கண்ணாடி மேடைக்குத்தான் டயோராமா என்று பெயர். அதில் ஒரு வேட்டைக்கார முகாம். பார்க்க வந்தவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

அந்த மேடையில் இருந்த ஒவ்வோர் உருவமும் பெயரும் குடும்பமும் உள்ள ஒரு மனிதரின் அச்சு. பல காலம் அந்தப் பெயர்கள் பார்வையாளர்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர்கள் நின்றது மீன்களும் திமிங்கில எலும்புகளும் இருந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். 1960களில் ஐரோப்பியரின் மேசை நாற்காலி, பீங்கான், வெள்ளிப் பாத்திரம் எல்லாவற்றையும் பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகம் என்று தனிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். கறுப்பின மக்களின் பொருள்கள் பழைய இடத்திலேயே தங்கின. ஒரு வார்த்தை பேசாமலே இந்த ஏற்பாடு சொன்னது இதுதான்: ஐரோப்பியருக்கு வரலாறு உண்டு, கறுப்பின மக்கள் இயற்கையின் பகுதி.

2001இல் அந்த டயோராமாவை மூடினார்கள். அப்போதும் சிலர் கோபப்பட்டார்கள், ஏன் மூடினீர்கள், பிள்ளைகளுக்கு என்ன காட்டுவது என்று. அந்தக் கோபத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பல பேருக்குச் சான் மக்களைப் பற்றித் தெரிந்ததே அந்த மேடை மட்டும்தான். சட்டகத்தின் வலிமை அவ்வளவு.

நல்ல எண்ணம் போதுமா?

மூடுவதற்கு ஐந்து ஆண்டு முன்பே ஒரு பெரிய முயற்சி நடந்தது. 1996இல் கேப்டவுன் தேசியக் கலைக்கூடத்தில் பிப்பா ஸ்கோட்னஸ் என்ற கலைஞர் "மிஸ்காஸ்ட்" என்ற கண்காட்சியை அமைத்தார். அருங்காட்சியகங்களும் அறிவியலும் சான் மக்களுக்கும், அவர்களைப் போலவே இந்த மண்ணின் ஆதிக்குடிகளான கோய் மக்களுக்கும் செய்த வன்முறையை அம்பலப்படுத்துவது அவர் நோக்கம். உடல் அச்சுகள், அளவெடுக்கும் கருவிகள், பழைய புகைப்படங்கள் எல்லாவற்றையும் சாட்சிகளாக அடுக்கினார். ஒரு பகுதியில் தரைவிரிப்பிலேயே பழைய படங்களையும் ஆவணங்களையும் அச்சிட்டிருந்தார். பார்வையாளர் அவற்றின்மேல் நடந்துதான் போக வேண்டும். நாமும் இந்தக் குற்றத்தில் பங்காளி என்று உணரட்டும் என்பதற்காக.

கோய், சான் சமூகத்தார் வந்து பார்த்தார்கள். தங்கள் முன்னோரின் நிர்வாண உடல்கள் காலடியில் கிடப்பதைக் கண்டார்கள். பலர் மனம் நொந்தார்கள், பொதுக்கூட்டத்தில் வெளிப்படையாகவே சொன்னார்கள். அந்தக் கண்காட்சி வெள்ளையர்களின் மனசாட்சியோடு பேசிக்கொண்டிருந்தது. யாரைப் பற்றியதோ அவர்கள் மறுபடியும் காட்சிப்பொருளாகவே நின்றார்கள்.

நான் இந்தக் கண்காட்சியைத் தோல்வி என்று தள்ளிவிட மாட்டேன். அது எழுப்பிய சண்டை இல்லாமல் டயோராமா மூடப்பட்டிருக்குமா என்பது சந்தேகம். ஆனால் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் இன்றும் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசுகிற பாடம் இதில் இருக்கிறது. சட்டகத்தை விமரிசிப்பது ஒரு வேலை, அதன் உள்ளிருந்து மனிதர்களை வெளியே கொண்டுவருவது வேறு வேலை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: ஒரு பொருள் இருக்கும் அறையே அதைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறது. அந்தக் கருத்தை எதிர்க்கும் நல்ல நோக்கமுள்ள கண்காட்சியும், சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் அமைந்தால் பழைய காயத்தையே கீறக்கூடும்.

யார் பெயர்?

இனி கலைப்பொருளுக்கு வருவோம். சூலு வீடுகளில் பீர் பரிமாறும் கருப்பு மண்பானையை உகாம்பா என்பார்கள். சக்கரம் கிடையாது. பெண்கள் உள்ளூர் மண்ணைத் தோண்டி, காயவைத்து, அரைத்துக் குழைத்து, கயிறுபோல் உருட்டிய மண்ணைச் சுற்றிச் சுற்றி அடுக்கிப் பானையை எழுப்புவார்கள். காய்ந்ததும் கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். திறந்தவெளியில் ஒருமுறை சுட்டு, பிறகு புல்லும் இலையும் போட்டுப் புகையில் இரண்டாம் முறை சுட்டால்தான் அந்தக் கருப்பு ஏறும். கடைசியில் கொழுப்புத் தடவிப் பளபளப்பாக்குவார்கள். சிலவற்றின் வயிற்றில் சிறு சிறு புடைப்புகள் வரிசை வரிசையாக இருக்கும், அமாசும்பா என்று பெயர். கருப்பும் குளிர்ச்சியும் முன்னோர்களுக்குப் பிடிக்கும் என்பது நம்பிக்கை. அதனால் அவர்களுக்கான பீரை வீட்டின் பின்பகுதியில், இருட்டான புனித இடத்தில் இந்தப் பானையில் வைப்பார்கள்.

அருங்காட்சியகங்கள் நூறாண்டுக்கு மேலாக இந்தப் பானைகளைச் சேர்த்தன. அட்டையில் "பீர் பானை, சூலு" என்று எழுதின. மக்கள் கூட்டங்களின் வாழ்முறையைப் பதிவு செய்யும் துறைக்கு இனவரைவியல் என்று பெயர். அந்தத் துறைக்குப் பானை எந்தக் கூட்டத்துடையது என்பதுதான் முக்கியம், எந்தக் கை செய்தது என்பது முக்கியமில்லை. அதே காலத்தில் பக்கத்து அறை ஓவியத்தின் கீழே ஓவியர் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு எல்லாம் இருந்தன.

துகேலா பள்ளத்தாக்கைச் சேர்ந்த நெஸ்டா நாலா 1940இல் பிறந்து 2005இல் மறைந்தார். தாய் சிபிவேயிடம் கற்று, உகாம்பாவை இந்த நாட்டின் கலைக்கூடங்களுக்குள் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர். தன் பானைகளில் கையெழுத்திடவும் தொடங்கினார். அவருடைய மகள்களும் அதே தொழிலில் பெயர் பெற்றார்கள். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் வரை அவர் பானைகள் போயின. "சூலு" என்ற ஒற்றைச் சொல் இருந்த இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. சின்ன மாற்றம்போல் தெரியும், அப்படியில்லை. பெயர் வந்தால் விலை வருகிறது, உரிமை வருகிறது, இது அவர் பாணி, அது இன்னொருவர் பாணி என்று ஒப்பிட்டுப் பேச வழி வருகிறது.

இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. வெள்ளைச் சுவர், உயரமான பீடம், மேலே ஒற்றை விளக்கு, கீழே ஒருவர் பெயர் என்பதும் ஒரு சட்டகம்தான், ஐரோப்பியக் கலைக்கூடத்தின் சட்டகம். இருட்டில் வைக்க வேண்டிய பானையின்மேல் விளக்கைப் பாய்ச்சுகிறோம். தாயும் மகளும் பேத்தியும் பகிர்ந்துகொண்ட அறிவைத் தனிமேதையின் கண்டுபிடிப்பாகக் காட்டுகிறோம். அதனால் இப்போது நல்ல க்யூரேட்டர்கள் குடும்பத்தை ஒரே வரிசையில் வைக்கிறார்கள், யாரிடம் யார் கற்றார் என்று எழுதுகிறார்கள், பானை எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் சொல்கிறார்கள். இனவரைவியல் அறையிலிருந்து கலைக்கூடத்துக்கு மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது அவசரம்.

"பழங்காலம் தொட்டு" என்ற பொறி

பூர்வகுடிக் கலை என்றாலே பழசு, மாறாதது, பிளாஸ்டிக்கும் மின்சாரமும் வந்தால் கெட்டுப்போவது என்ற எண்ணம் எல்லாரிடமும் இருக்கிறது. சமகாலம் என்ற சொல்லை அதன் பக்கத்தில் வைத்தால் முரணாகத் தெரிகிறது. டர்பன் கடற்கரையில் விற்கும் வண்ணக் கம்பித் தட்டுகளைப் பாருங்கள். நகரத்துக் கட்டடங்களில் இரவுக் காவல் இருந்த சூலு ஆண்கள், பிளாஸ்டிக் உறையிட்ட டெலிபோன் கம்பியைத் தங்கள் கைத்தடிகளில் பின்னினார்கள். பிறகு உகாம்பாவை மூடும் புல் தட்டான இம்பெங்கேயை அதே கம்பியில் பின்னத் தொடங்கினார்கள். எலியட் ம்கீஸே போன்றவர்கள் கையில் அது நுட்பமான கலையாக வளர்ந்தது. புல்லை விட்டுக் கம்பிக்கு மாறியதால் மரபு செத்துப்போகவில்லை, நகரத்துக்கு வந்தது.

நிடெபெலே சுவரோவியம் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. சுற்றுலாப் புத்தகங்கள் அதைத் தொன்றுதொட்டு வந்ததாகச் சொல்லும். 1883இல் போயர்களிடம், அதாவது டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளிடம், தோற்ற பிறகு நிடெபெலே மக்களின் நிலம் பறிக்கப்பட்டு, குடும்பங்கள் வெள்ளையர் பண்ணைகளில் வேலைக்குப் பிரிக்கப்பட்டன. பளிச்சென்ற வண்ணங்களும் கருப்புக் கோடுகளும் கொண்ட இன்றைய பாணி 20ஆம் நூற்றாண்டில், அந்தச் சிதறலுக்குப் பின் பெண்கள் வளர்த்தெடுத்தது. பிறகு நிறவெறி அரசே அதைச் சுற்றுலாக் காட்சியாக்கிக்கொண்டது, ஒவ்வோர் இனமும் தனித்தனியே அழகாக வாழ்கிறது என்று உலகுக்குக் காட்ட அது வசதியாக இருந்தது. இவ்வளவு வலியும் அரசியலும் கொண்ட ஒரு நவீனக் கலையைப் "பழங்குடி அலங்காரம்" என்று அட்டையில் எழுதினால் வரலாறு மொத்தமும் காணாமல் போகிறது.

எஸ்தர் மஹ்லாங்கு 1935இல் பிறந்தவர். பத்து வயதில் தாயிடமும் பாட்டியிடமும் கற்றார், கோழி இறகைத் தூரிகையாகப் பிடிப்பவர். 1989இல் பாரிஸில் நடந்த பெரிய உலகக் கலைக் கண்காட்சிக்கு அழைக்கப்பட்டார். 1991இல் பிஎம்டபிள்யூ கார் ஒன்றின் மேல் வரைந்தார். உலகம் அவரைக் கொண்டாடியது, ஆனால் பெரும்பாலும் போர்வை போர்த்திய, மணி அணிந்த ஓர் "ஆப்பிரிக்க மூதாட்டி"யாகவே படம் பிடித்தது. 2024இல் கேப்டவுன் இசிகோ தேசியக் கலைக்கூடம் அவருடைய வாழ்நாள் பணியை ஒரு பெரிய கண்காட்சியாக வைத்தது. க்யூரேட்டர் நொன்டொபெகோ ன்டோம்பெலா. கண்காட்சிக்கு வைத்த தலைப்பு கலைஞரின் சொந்த நினைவிலிருந்து வந்தது. சிறுமியாக இருந்தபோது வீட்டின் பின்சுவரில்தான் வரைய விட்டார்களாம், கை இன்னும் பழகவில்லை என்று. ஒரு நாள் முன்சுவரில் வரையக் கூப்பிட்டார்கள். "நான் நன்றாக வரைகிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது" என்கிறார். தலைப்பும் அதுதான்.

இந்தக் கதையைத் தலைப்பாக வைத்ததில் இருக்கும் செயலைக் கவனியுங்கள். நல்ல ஓவியம் எது என்று முதலில் தீர்ப்புச் சொன்னவர்கள் அவருடைய அம்மாவும் பாட்டியும். பாரிஸ் பின்னால் வந்தது. அந்த மதிப்பீட்டு முறையைக் கண்காட்சியின் நெற்றியில் எழுதிவைத்ததுதான் க்யூரேட்டர் செய்த வேலை. சட்டகத்தை மாற்றுவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கரும்புப் பணமும் சூலு மணிகளும்

இதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று டர்பன் தமிழர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். டர்பனின் பெரியா பகுதியில் உள்ள மக்கல்நியூக் மாளிகைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கில்லி கேம்பெல் என்ற அம்மையார் சேர்த்த நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் மணிவேலைகளும் அங்கே வைத்துப் போற்றப்பட்டன. 1965இல் அவர் இறந்ததும் எல்லாம் நேட்டால் பல்கலைக்கழகத்துக்குப் போனது. சூலு வரலாறு படிப்பவர்கள் அந்தச் சேகரிப்பைத் தாண்டிப் போக முடியாது. அவர் சேர்த்திராவிட்டால் பல பொருள்கள் அழிந்தே போயிருக்கும், அந்த நன்றி அவருக்கு உண்டு.

அவருடைய தந்தை மார்ஷல் கேம்பெல் சர்க்கரை முதலாளி. க்வாமாஷு என்ற ஊருக்கே அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவருடைய நேட்டால் எஸ்டேட்ஸ் தோட்டங்கள் மவுண்ட் எட்ஜ்கோம்பைச் சுற்றி இருந்தன. அந்தக் கரும்பை வெட்டியவர்களில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர்கள் ஏராளம். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து வந்தவர்கள் 1,52,184 பேர். நிலம் சூலு மக்களிடமிருந்து போனது, உழைப்பு நம்மவர்களிடமிருந்து வந்தது, இரண்டும் சேர்ந்து பிறந்த பணம் சூலு மணிகளையே வாங்கிச் சேர்த்தது.

ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு, என்ன விலைக்கு, எந்தச் சூழ்நிலையில் போனது என்ற வரலாற்றை உடைமை வரலாறு என்பார்கள். பழைய அட்டைகளில் கடைசிக் கை மட்டுமே இருக்கும், அதாவது நன்கொடையாளர். முழுச் சங்கிலியையும் எழுதச் சொல்வதுதான் இன்றைய கோரிக்கைகளில் மிக எளியதும் மிகக் கடினமானதும். எளியது, ஏனென்றால் நாலு வரி போதும். கடினமானது, ஏனென்றால் அந்த நாலு வரியில் இன்னும் வாழ்கிற குடும்பங்களின் பெயர் வரும்.

திருப்பிக் கொடுப்பதும், யார் தீர்மானிப்பது என்பதும்

சாரா பார்ட்மன் என்ற கோய் பெண்ணை 1810இல் லண்டனுக்குக் கொண்டுபோய்க் காட்சிப்பொருளாக வைத்தார்கள். 1815இல் பாரிஸில் இறந்தார். அவருடைய எலும்புக்கூடும் உடலச்சும் 1970கள் வரை அங்கே அருங்காட்சியகத்தில் காட்சியில் இருந்தன. 1994இல் அவற்றைத் திருப்பித் தரும்படி மண்டேலா கேட்டார். 2002இல் பிரான்ஸ் அதற்கென்று ஒரு சட்டமே போட்ட பிறகுதான் உடல் நாடு திரும்பியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று ஈஸ்டர்ன் கேப்பில் ஹாங்கி என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள்.

இந்த உணர்வைத் தமிழருக்கு விளக்கவே வேண்டாம். ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கியது, 2014இல் இந்தியாவுக்குத் திருப்பியது. அப்போது நம் வீடுகளில் எத்தனை பேர் கண் கலங்கினார்கள்!

ஆனால் திருப்பிக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எப்படிக் கொடுத்தார்கள் என்பதிலும் சட்டகம் இருக்கிறது. 2017இல் கேப்டவுன் பல்கலைக்கழகம் தன் எலும்புச் சேகரிப்பைச் சோதித்தபோது, சதர்லாந்து ஊரைச் சேர்ந்த ஒன்பது பேரின் எலும்புகள் 1920களில் முறைகேடாகக் கொண்டுவரப்பட்டவை என்று கண்டது. சத்தமில்லாமல் புதைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் வாரிசுக் குடும்பங்களைத் தேடிப் போனார்கள். என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். குடும்பத்தார், எங்கள் முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள், எப்படி இறந்தார்கள் என்று தெரிய வேண்டும் என்றார்கள். அவர்கள் விரும்பியதால் ஆய்வு நடந்தது. மண்டையோடுகளிலிருந்து முகங்களை மீட்டு வரைந்தார்கள். பேரப்பிள்ளைகள் அந்த முகங்களைப் பார்த்தார்கள். 2023 நவம்பரில் சொந்த மண்ணில் அடக்கம் நடந்தது. ஒரு காலத்தில் அளவெடுத்த அதே அறிவியல்தான். இந்த முறை கேள்வி கேட்டவர்கள் வேறு, அதனால் அதன் பொருளே மாறிவிட்டது.

இதே 2017இல் சான் மக்கள், தங்களிடம் வரும் ஆய்வாளர்களுக்கென்று ஒரு நெறிமுறையை வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை ஆகியவற்றை எதிர்பார்க்கிறோம், எங்கள் ஒப்புதல் முறைப்படி வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆய்வுக்காக எழுதப்பட்டது, கண்காட்சி அமைப்பவர்களுக்கும் அப்படியே பொருந்தும். திறப்பு விழா அன்று மேளம் கொட்டி ஆட மட்டும் கூப்பிட்டுவிட்டு அதைச் "சமூகத்தின் பங்களிப்பு" என்று அறிக்கையில் எழுதுகிற வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. எனக்கு அதைப் பார்த்தால் ஆறவே ஆறாது. வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் இல்லாதவரிடம் கருத்துக் கேட்பது கலந்தாலோசனை ஆகாது.

சேர்த்துப் பார்த்தால்: பெயரும் உடைமை வரலாறும் அட்டையில் வர வேண்டும். கலை இன்றும் நடப்பது என்று தெரிய வேண்டும். இவற்றுக்கெல்லாம் அடியில், முடிவெடுக்கும் மேசையில் அந்த மக்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியது இல்லாமல் மற்றவை நிலைக்காது.

நாம் எங்கே நிற்கிறோம்?

ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் பூர்வகுடிகள் சிறுபான்மை. இங்கே அப்படியில்லை. பூர்வகுடி என்றால் குறுகிய பொருளில் கோய், சான் மக்களைக் குறிப்பிடுகிறார்கள். விரிந்த பொருளில் சூலு, கோசா, நிடெபெலே என்று நாட்டின் பெரும்பான்மையே பூர்வகுடி. இந்த விவாதம் முடிந்தபாடில்லை. நாம் பூர்வகுடி இல்லை, இந்த மண்ணுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். ஆனால் பதிவேட்டின் வலியை அறிந்தவர்கள். கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள அடையாளம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணைத் தேடித்தான் இன்று நம் பிள்ளைகள் தங்கள் ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள். நம்மை எண்ணாக்கிய ஏட்டையே நம் வீட்டுக்குத் திரும்பும் வழியாக மாற்றிக்கொண்டோம். சூலுப் பானையும் சான் ஓவியமும் அதே திருப்பத்தைக் கேட்கின்றன.

நவம்பர் 16 நினைவு நாளை ஒட்டிக் கோயில் கூடங்களில் பழைய பொருள்களை வைத்துக் கண்காட்சி போடுகிறோம், அம்மிக்கல், ஆட்டுக்கல், சொம்பு, பழைய போட்டோக்கள். அங்கே க்யூரேட்டர் நாம்தான். பெரும்பாலும் அட்டையில் "ஆட்டுக்கல், 1900 வாக்கில்" என்றுதான் எழுதுகிறோம், கொடுத்தவர் பெயரைப் பெரிதாகப் போடுகிறோம். இந்த ஆண்டு அதை மாற்றிப் பார்க்கலாம். அந்தக் கல்லில் மாவரைத்தவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம், கல்லை எங்கே வாங்கினார்கள் என்று ஆயாக்களிடம் இப்போதே கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதலாம். அடுத்த லைனில் இருந்த சூலுக் குடும்பத்தின் பெயர் நினைவிருந்தால் அதையும் சேர்க்கலாம். அட்டையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இசிசூலுவிலும் வைக்கலாம். ஒரு பொருளை வெளியே வைக்க வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர் சொன்னால், எவ்வளவு அருமையான பொருளாக இருந்தாலும் அதை எடுத்துப் பத்திரமாக அவரிடமே கொடுத்துவிட வேண்டும்.